காதுகுத்துப் படங்களுக்கு அடியில்

"ஒரு சிடி எழுதித் தர மூணு மாசமா? என் சர்வீஸ்ல இப்படி ஒரு கட்சிக்காரரை நான் பார்த்ததே இல்லப்பா" என்று போன வாரமும் வக்கீல் போனில் கத்தினார்.

கத்தட்டும். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் போனையே தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தெருவுக்கே தெரியும். பூந்தமல்லியில் அவர் ஆபீசுக்குக் கீழேயே ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பென் டிரைவைக் கொடுத்துவிட்டு ஒரு டீ குடித்து வருவதற்குள் சிடியைக் கையில் திணித்துவிடுவார்கள். நானோ, "வீட்டுல இருக்கிறது லினக்ஸ் சார், அதுக்குத் தோதான சாஃப்ட்வேர் இன்னும் சிக்கலை" என்று வாராவாரம் அதே பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறேன்.

அந்த சிடியில் இருக்க வேண்டியவர் என் அப்பா.

அவர் காணாமல் போய் ஏழு வருடம் தாண்டிவிட்டது. ஒருவரைப் பற்றி ஏழு வருடம் ஒரு தகவலும் இல்லையென்றால், அவர் இறந்துவிட்டதாக அறிவிக்கச் சொல்லிக் கோர்ட்டில் கேட்கலாமாம். கோவில்பதாகையில் நாங்கள் குடியிருக்கும் வீடு அப்பா பெயரில் இருக்கிறது. ஒழுகும் தளத்தை இடித்துக் கட்ட வேண்டுமென்றால்கூட அவர் கையெழுத்து வேண்டும். அதனால் அம்மா பெயரில் ஒரு மனு. எஃப்.ஐ.ஆர். நகல் இருந்தது, 'கண்டுபிடிக்க இயலவில்லை' என்று போலீஸ் கொடுத்த சான்றிதழ் இருந்தது. கடைசியாக அவர் தென்பட்ட சிசிடிவி பதிவு இருந்தால் அதையும் சேர்க்கலாம், பென் டிரைவ் வேண்டாம், சிடியாகவே கொடு என்றார் வக்கீல். அது தொலைந்துவிட்டது சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

'என் கணவர் உயிருடன் இல்லை என்று நம்புகிறேன்' என்று டைப் அடித்த காகிதத்தில் அம்மா கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் பாக்கி. அவளை நச்சரித்தேன், கெஞ்சினேன், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"போடறேன். அதுக்கு முன்னாடி அந்த வீடியோவை ஒரு தடவை போட்டுக் காட்டு."

"எந்த வீடியோ?" என்றேன், ஒன்றும் தெரியாதவன்போல.

"உங்கப்பா வீடியோ. வேற எந்த வீடியோ?"

"அதுதான் அன்னைக்கே அழிஞ்சு போச்சேம்மா."

"நீ கம்ப்யூட்டர்காரன்தானே. தேடு. அதைப் பார்க்காம நான் பேனாவைத் தொட மாட்டேன்."

அந்த வீடியோ தானாக அழியவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால், தெரிந்தே, நான்தான் அதை மறைத்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். அப்பா ஆவடியில் டிஃபென்ஸ் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். விருதுநகர் பக்கத்திலிருந்து வந்து, குவார்ட்டர்ஸிலேயே என்னையும் தங்கையையும் வளர்த்து, ரிட்டயராகும் சமயத்தில் இந்த வீட்டைக் கட்டினார். ரிட்டயரான இரண்டாம் வருடம் மறதி ஆரம்பித்தது. முதலில் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. பல் விளக்கி முடித்துவிட்டு மறுபடியும் பிரஷ்ஷை எடுப்பார். அப்புறம் சிரிப்பு வரவில்லை. நாங்கள் எப்போதோ காலி செய்த குவார்ட்டர்ஸுக்குப் போய், வேறு யாரோ இருக்கும் வீட்டுக் கதவைத் தட்டி, "உள்ளே என் டியூட்டி பை இருக்கு, எடுத்துக்கிறேன்" என்பார். இரண்டு முறை நான் போய்க் கூட்டி வந்தேன், இரண்டு முறையும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே.

அன்று காலை என் பைக் சாவியைக் காணோம். செம்பரம்பாக்கத்தில் ஒரு குடோனில் எனக்கு வேலை. சரக்குப் பதிவு செய்யும் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பது. அன்றைக்குப் பார்த்து மேலிடத்திலிருந்து ஆட்கள் வருகிற நாள். ஒரு மணி நேரம் வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடினோம். சாவி அரிசி டிரம்முக்குள் இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று அப்பா எடுத்து வைத்திருக்கிறார். "நல்ல இடம்தானேப்பா?" என்று வேறு கேட்டார்.

ஆடித் தீர்த்துவிட்டேன். என்னென்னவோ கத்தினேன், முக்கால்வாசி எனக்கே ஞாபகமில்லை. ஒன்று மட்டும் மறக்கவில்லை.

"என் கண்ணு முன்னாடி நிக்காதீங்க. சாயந்திரம் வரும்போது நீங்க என் கண்ணுல படவே கூடாது, சொல்லிட்டேன்."

"சரிப்பா" என்றார். ஃபேக்டரியில் ஃபோர்மேன் சொல்லுக்குச் சொல்லிப் பழகிய அதே 'சரி'. அம்மா கட்டி வைத்திருந்த சாப்பாட்டைக்கூட எடுக்காமல் நான் கிளம்பிவிட்டேன்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தபோது அவர் இல்லை. அதற்குப் பிறகு இன்று வரைக்கும் இல்லை.

மூன்றாம் நாள், குவார்ட்டர்ஸில் பழகிய ஒருவர் அப்பாவைப் பூந்தமல்லியில் பார்த்ததாகச் சொன்னார். போட்டோவை எடுத்துக்கொண்டு டிரங்க் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஒரு பெயின்ட் கடை. கடைக்காரர் போட்டோவை வாங்கிப் பார்த்துவிட்டு, கேமரா பெட்டியை அப்பா காணாமல் போன தேதிக்குத் திருப்பினார்.

"இன்னா சார், இவர்தான உங்க நைனா? தோ பாரு, நம்ம கடை வாசல்ல தான் நின்னுகினு கீறாரு."

ஆறு மணி சுமாருக்கு. வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை. வலப்பக்கத்திலிருந்து நடந்து வருகிறார், கடைக்கு எதிரில் நிற்கிறார், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறார், இடப்பக்கமாகப் போய்விடுகிறார். மொத்தம் நாற்பது செகண்டு. சத்தம் கிடையாது.

"அப்பால ஒண்ணியும் இருக்காது சார், வெறும் வண்டிங்கோ தான். எதுக்கும் ஒரு பத்து நிமிசம் காப்பி பண்ணித் தரேன், வச்சிக்க" என்று பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். ஒரு பைசா வாங்கவில்லை. நல்லா இருக்கணும் அந்த மனுஷன்.

பென் டிரைவ் ஸ்டேஷனுக்குப் போனது. அங்கே அரை நிமிடம் பார்த்துவிட்டு மேசை டிராயரில் போட்டார்கள், அதோடு சரி. கொடுப்பதற்கு முன்னால் வீட்டுக்கென்று ஒரு டிஸ்க் எழுதி வைத்தேன், டிவியோடு சேர்ந்த டிவிடி பிளேயரில் அம்மா பார்க்கட்டும் என்று. எழுதியது தங்கை பிளஸ் டூ படித்தபோது சர்க்கார் கொடுத்த இலவச லேப்டாப்பில். அதில் விண்டோஸ் எப்போதோ படுத்துவிட்டது, லினக்ஸ்தான் ஓடிக்கொண்டிருந்தது. எழுதும்போது, 'பிறகு வேறு கோப்புகளைச் சேர்க்க டிஸ்கைத் திறந்தே வைக்கவா?' என்று கேட்டது. ஆமாம் என்று கொடுத்தேன். பெரிய யோசனையெல்லாம் இல்லை, மீதி இடம் வீணாகக் கூடாது என்கிற குவார்ட்டர்ஸ் புத்தி. ஒரு பக்கம் எழுதிய காகிதத்தை எங்கள் லைனில் யாரும் தூக்கிப் போட்டதில்லை.

நான் பார்த்தது அந்த நாற்பது செகண்டு மட்டும்தான். அப்பா படத்தை விட்டு வெளியே போனதும் எழுந்து வெளியே போய்விடுவேன். வெறும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்குத் தெம்பு கிடையாது. அம்மா கடைசி வரைக்கும் பார்த்தாள். முதல் தடவை பார்த்து முடித்துவிட்டு வாசலுக்கு வந்து என்னிடம் சொன்னாள்.

"பஸ் ஏறிட்டாருடா. காஞ்சிபுரம் பஸ். பையில ரெண்டு வேட்டி எடுத்து வச்சிருந்திருக்காரு, நான்தான் கவனிக்கலை."

நம்பினோம். ஏன் நம்ப மாட்டோம்? அந்த ஒரு வருடம் நான் காஞ்சிபுரம், வாலாஜா, வேலூர், திருவண்ணாமலை என்று மேற்கே மேற்கே அலைந்தேன். அன்னதான வரிசைகள், மடங்கள், முதியோர் இல்லங்கள், பஸ் ஸ்டாண்டுத் திண்டுகள். முகத்தை மூடிப் படுத்திருக்கும் எத்தனை கிழவர்களின் துண்டை விலக்கிப் பார்த்திருப்பேன், எத்தனை பேரிடம் வசவு வாங்கியிருப்பேன்! வீட்டில் அம்மா என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதே குறைந்துபோனது. அவர் போன அதே வாரத்தில் எனக்குப் புது டிபன் பாக்ஸ் ஒன்று வாங்கி வந்தாள், பழையதில் சிவப்புக் கிளிப் உடைந்துவிட்டதென்று. புருஷனைக் காணோம், இவளுக்கு டிபன் பாக்ஸ் ஒரு கேடா என்று அதற்கும் எரிந்து விழுந்தேன்.

தினமும் மதியம் மூன்று மணிக்கு அம்மா அந்த டிஸ்கைப் போடுவாள். டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து பத்து நிமிடமும் பார்ப்பாள். பிளேயர் கொர்ரென்று சுற்றும் சத்தம் மட்டும் கேட்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் வீட்டில் இருப்பேனே, எனக்கு அந்தச் சத்தம் கேட்டாலே உடம்பு சிலிர்க்கும். அப்பா வீட்டில் இல்லை, ஆனால் தினம் மூன்று மணிக்கு எங்கள் ஹாலில் நடந்து போய்க்கொண்டிருந்தார். அம்மா சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. பார்க்கப் பார்க்கப் பயமாக இருந்தது. பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

அப்போதுதான் தங்கை குழந்தைக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடி என்று என் மடியில் உட்கார வைத்துக் குத்தினார்கள். அந்தப் படங்களை எழுத, வீட்டில் வேறு டிஸ்க் இருந்தும், நான் அப்பாவின் டிஸ்கை எடுத்தேன். 'இதில் ஏற்கெனவே இருப்பதையும் சேர்த்துக் காட்டவா?' என்று சாஃப்ட்வேர் கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். முப்பத்து நாலு படங்கள் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டன. மார்க்கரால் 'காதுகுத்து' என்று எழுதி, எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

அன்று மூன்று மணிக்கு டிவியில் அப்பா வரவில்லை. குழந்தையை மடியில் பிடித்துக்கொண்டு நான் வந்தேன். அடுத்த படத்தில் அம்மா, எதிரில் குங்குமத் தட்டோடு ஒரு அத்தை. அம்மாவிடம் தட்டை நீட்டலாமா கூடாதா என்று தெரியாமல் அத்தையின் கை பாதியில் நிற்கிறது. கேமராக்காரன் சரியாக அந்த நொடியில் எடுத்துத் தொலைத்திருக்கிறான்.

"அய்யய்யோ, இதுலயா எழுதிட்டேன்? பழசு எல்லாம் அழிஞ்சுருக்குமேம்மா" என்று தலையில் அடித்துக்கொண்டு நடித்தேன்.

அம்மா என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். அழுவாள், சாபம் விடுவாள் என்று காத்திருந்தேன். "சரி விடு, போகட்டும்" என்று டிவியை அணைத்துவிட்டு எழுந்து போய் அரிசி களைந்தாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு, பாவி.

அந்த டிஸ்கிலிருந்துதான் இப்போது அப்பாவை வெளியே எடுக்க வேண்டும். எடுத்தால்தான் கையெழுத்து. பழைய லேப்டாப்பின் டிஸ்க் டிரைவ் செத்துப்போயிருந்தது, குடோன் ஆபீசிலிருந்து வெளியே மாட்டும் ரைட்டர் ஒன்றை வாங்கி வந்தேன். லினக்ஸில் டிஸ்க் எழுத எத்தனையோ சாஃப்ட்வேர் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் இறக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எதன் பெயரையும் சொல்ல மாட்டேன். சொன்னால் அதன்மேல் பழி போட்ட மாதிரி ஆகும். யார் யாரோ முகம் தெரியாதவர்கள் சும்மா எழுதிக் கொடுத்தவை அவை, பழி என்னுடையது.

முதலாவது ரொம்பச் சாது. ஒரு ஜன்னல், ஒரு பட்டன். டிஸ்கைப் போட்டதும் முப்பத்து நாலு கோப்புகள் என்று காட்டியது, கீழே மீதி இடம் எவ்வளவு என்றும் காட்டியது. அந்த அளவைப் பார்த்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. முப்பத்து நாலு படத்துக்கு இத்தனை இடம் ஆகாது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரு பெரிய இடத்தை வேறு யாரோ அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பெயர் இல்லை, உருவம் இல்லை, ஆனால் இடம் இருக்கிறது.

இரண்டாவது, எதைத் தொட்டாலும் நாலு கேள்வி கேட்கிற ரகம். ரேஷன் கடை வரிசையில் நிற்பதுபோல ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே போனேன். கடைசியில் ஒரு வரி காட்டியது: இந்த டிஸ்கில் இரண்டு தடவை எழுதப்பட்டிருக்கிறது. அந்த வரியை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதில் 'பழையதைக் கொண்டுவா' என்று ஒரு பட்டனே இருந்தது. ஆசையாக அழுத்தினேன். மறுபடியும் காதுகுத்து. மறுபடியும் என் மூஞ்சி. மேசையை ஓங்கிக் குத்தியதில் ரைட்டர் துள்ளிக் கீழே விழப் பார்த்தது.

நாலாவதற்கு ஜன்னலே கிடையாது. கறுப்புத் திரையில் நாமே ஆணையைத் தட்ட வேண்டும். ஒரு தளத்தில் என்னைப்போல் மாட்டிக்கொண்ட யாருக்கோ யாரோ பதில் எழுதியிருந்தார்கள்: முதலில் எழுதியது எங்கும் போகவில்லை, இது எரித்து எழுதுவது, அழியாது. கடைசியாக எழுதியதைத்தான் கம்ப்யூட்டர் காட்டும். எத்தனையாவது வேண்டும் என்று எண்ணைச் சொன்னால் அதைத் திறக்கும். ஒன்று என்று தட்டினேன். காதுகுத்து. அப்புறம்தான் உறைத்தது, இதன் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறது. பூஜ்யம் என்று தட்டினேன்.

ரைட்டர் டர்ர் டர்ரென்று இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. அப்புறம் ஒரே ஒரு கோப்பு. பெயர்கூட இல்லை, கேமரா போட்ட தேதியும் நேரமும் மட்டும். காப்பி எடுக்கும்போது பாதியில் சிக்கிக்கொண்டது. டிஸ்கை வெளியே எடுத்து, மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்து, திரும்பப் போட்டு, "வாங்கப்பா, வாங்கப்பா" என்று சின்னக் குழந்தையை அழைப்பதுபோல முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். நாலாவது தடவை முழுதாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் வக்கீலுக்குப் போன் போட்டு, வீடியோ கிடைச்சிருச்சு சார், சிடியாவே தர்றேன் என்று சொல்லியும்விட்டேன்.

அடுத்த ஞாயிறு, மூன்று மணி. நான் நேரம் குறிக்கவில்லை, அம்மாதான் அந்த நேரத்துக்கு வந்து உட்கார்ந்தாள். லேப்டாப்பை ஸ்டூல்மேல் வைத்து ஓட விட்டேன். அப்பா வலப்பக்கமாக வந்தார். நின்றார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். இடப்பக்கமாகப் போனார். பழக்கத்தில் நான் எழுந்தேன்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "உட்காரு."

"இனிமே என்னம்மா இருக்கு?"

"உட்காருன்னேன்ல. நீ பார்க்கணும்னுதான் கேட்டேன். எனக்கு எதுக்கு, மனப்பாடமா தெரியும்."

உட்கார்ந்தேன். வெறும் ரோடு. ஆட்டோ, வேன், லாரி. ஒரு நாய். நாலு நிமிடம் போயிருக்கும், அப்பா இடப்பக்கத்திலிருந்து திரும்பி வந்தார். "அம்மா, திரும்பி வர்றாரு!" என்று கத்தியேவிட்டேன், ஏதோ அப்போதுதான் நடப்பதுபோல. கடைக்கு அருகில் ஒரு பெரிய ஃபிளெக்ஸ் பேனர், யார் வீட்டுப் பெண்ணுக்கோ மஞ்சள் நீராட்டு விழா. அதன் ஓரமாக நின்று, பையைக் கடைப் படிமேல் வைத்தார். பையின் வாய் விலகியது. உள்ளே ஒரு ஸ்டீல் மூடி, ஓரத்தில் சிவப்புக் கிளிப்.

என் டிபன் பாக்ஸ்.

அப்பா நிமிர்ந்து வலப்பக்கம் பார்த்தார். முகம் மலர்ந்தது, அந்த மங்கல் படத்திலும் தெரிந்தது. கையைத் தூக்கினார், கூப்பிடுவதுபோல. பாதி தூக்கிய கை அப்படியே நின்றது. பிறகு அதை இறக்கி, பையை எடுத்துக்கொண்டு, அவசர அவசரமாகப் பேனருக்குப் பின்னால் போனார். பேனருக்கு அடியில் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

வலப்பக்கத்திலிருந்து ஒரு பைக் வந்தது. நெரிசலில் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு, முன்னால் போகிற ஆட்டோக்காரனை வாய்க்குள் திட்டிக்கொண்டு, ஹெல்மெட்டோடு நான். பேனரை உரசாத குறையாகக் கடந்து போனேன். பேனருக்கு அடியில் அந்தக் கால்கள், நான் போகப் போக, நான் போகிற பக்கமாகத் திரும்பின.

அப்புறம் அப்பா வெளியே வந்தார். ரோட்டோரத்தில் நின்று, நான் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்கள் வந்தன, போயின. எதையும் அவர் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பத்தாவது நிமிடம் முடிந்து படம் நிற்கும்போதும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

லேப்டாப்பை மூடிவிட்டு அம்மா பக்கம் திரும்பினேன்.

"பஸ் ஏறினார்னு சொன்னியேம்மா."

"ஆமா."

"காஞ்சிபுரம்னு சொன்னே. ஒரு வருஷம்மா! ஒரு வருஷம் அந்தப் பக்கம் தேடினேன். இவர் நம்ம வீட்டுப் பக்கம் பார்த்துக்கிட்டு நிக்கிறாரே!"

"நீ சாப்பாடு எடுக்காம போனே" என்றாள் அம்மா. பல தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்த பேச்சுப்போல வந்தது. "பதினொரு மணிக்கு நான்தான் பையைக் கையில குடுத்து, குடோன்ல குடுத்துட்டு வாங்கன்னு அனுப்பினேன். பழகின வழிதானே, போயிடுவாருன்னு நினைச்சேன். மறதிக்காரரை அனுப்பினது நான். போலீஸ்காரன் கேட்கும்போது வாய் வரலை. அப்புறம் இதைப் பார்த்தேன். நீ பார்த்தா உயிரோட இருக்க மாட்டேன்னு பயந்துட்டேன். எப்படியும் ரெண்டு நாள்ல அவரா வந்துருவாரு, அதுவரைக்கும்தானேன்னு பஸ் ஏறிட்டாருன்னு சொன்னேன். சொன்னதை மாத்த முடியலை."

"நான் வேணும்னுதான் மேல எழுதினேன். அது தெரியுமா உனக்கு?"

"தெரியும். நிம்மதியா இருந்துச்சு. இனிமே நீ பார்த்துடுவியோன்னு பயமில்லைன்னு. ஆனா பொய்யை வச்சுக்கிட்டு அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட முடியாதுப்பா."

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோபம் வரவில்லை. அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு, நாற்பது வயது ஆம்பிளை, ஏங்கி ஏங்கி அழுதேன். அவள் என் தலையைத் தடவிக்கொண்டே, "மொத நாப்பது செகண்டை மட்டும் வெட்டிக் குடுத்துடு, கோர்ட்டுக்கு அது போதும்" என்றாள். பிறகு எழுந்து போய் அந்தக் காகிதத்தையும் பேனாவையும் எடுத்து வந்து என் எதிரில் வைத்தாள்.

"நீ சொல்லு. போடச் சொன்னா இப்பவே போடறேன்."

அத்தனை நாள் நச்சரித்த நான் பேனாவை மூடி அவள் பக்கமே தள்ளி வைத்தேன். வீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆளை உயிரோடு இல்லை என்று எப்படிச் சொல்வது? காகிதம் பீரோவுக்குத் திரும்பப் போனது.

அதுதான் மூன்று மாதமாக நடக்கிறது. சாஃப்ட்வேர் எல்லாம் அருமையாகத்தான் வேலை செய்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் புது டிஸ்கைப் போடுகிறேன், நாற்பது செகண்டு துண்டை உள்ளே இழுத்து வைக்கிறேன், 'எழுதவா?' என்று கேட்கிறது, மூடிவிடுகிறேன். அடுத்த வாரம் வேறு சாஃப்ட்வேரில் இதையே செய்கிறேன். அம்மா பார்த்தும் பார்க்காததுபோல் சாப்பாடு கட்டுகிறாள். இப்போதெல்லாம் சாப்பாட்டை எடுக்காமல் நான் வாசல் தாண்டுவதில்லை.

அந்தப் பெயின்ட் கடை இப்போது இல்லை, மெட்ரோ வேலைக்குத் தகரம் அடித்துத் தூண் நிறுத்திவிட்டார்கள். பேனர்கள் மட்டும் குறையவில்லை. தினமும் ஆறு மணிக்கு அந்த இடத்தில் வண்டியை உருட்டிக்கொண்டு வருகிறேன், பின்னால் ஹாரன் அடித்தாலும் சட்டை செய்வதில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பேனருக்கும் அடியில் கால் தெரிகிறதா என்று குனிந்து பார்க்கிறேன். கண்ணு முன்னாடி வந்து நில்லுங்கப்பா என்று வாய்விட்டே சொல்கிறேன்.